இன்வாய்ஸில் ஏறாத தண்ணீர்

என் பட்டியலில் நாற்பத்தொரு வரிகள் இருந்தன. முடிந்த வேலைக்குப் பச்சை, பாதியில் நிற்பதற்கு மஞ்சள், தொடாததற்குச் சிவப்பு. அந்த மழைக்காலம் தொடங்கியபோது நாற்பத்தொன்றும் பச்சையாக இருந்தன. ஆனாலும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. முழுக்கப் பச்சையான பட்டியலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

யாங்கோனில், அலோன் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால், கால்நடை மருந்துகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கீழே ஸ்டோர், மாடியில் அலுவலகம். படித்தது மருந்தியல், செய்வது காகித வேலை. மருந்தைப் பதிவு செய்வது, இறக்குமதி அனுமதி வாங்குவது, சுங்கத்துக்கு வேண்டிய தாள்களைத் தயாரிப்பது. இவை தவிர மாதம் ஒருமுறை கடைகளுக்குப் போய், தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி வருவது. அந்த ஃபாரத்தையும் நான்தான் உருவாக்கினேன்.

எங்கள் கோழித் தடுப்பூசிகளில் பாதி இங்கிலாந்தில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து வருகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தவரை எங்களுக்கு அதில் ஒரு தொல்லையும் இல்லை. மருந்து லாரியில் கடல் தாண்டி பெல்ஜியம் போகும், அங்கே மற்றச் சரக்குகளோடு சேர்ந்து விமானம் ஏறும், இன்வாய்ஸில் எந்த நாட்டுச் சரக்கு என்ற கட்டத்தில் ‘ஐரோப்பிய ஒன்றியம்’ என்று இருக்கும். பிரிட்டன் விலகிய பிறகு அந்தக் கட்டத்தில் வேறு பெயர் வர வேண்டும். பெயர் மாறினால் எங்கள் பதிவுச் சான்றிதழில் இருப்பதோடு ஒத்துப்போகாது. அது ஒத்துப்போகாவிட்டால் மிங்கலாடோன் விமான நிலையத்தில் பெட்டி நிற்கும். அது நிற்கும்போது உள்ளே ஐஸ் உருகும்.

தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்களைப் பொறுத்தவரை எந்த மாற்றமும் இருக்காது என்று எழுதியிருந்தார்கள். எங்கள் முதலாளி அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார். அவர் கால்நடை டாக்டர், மாதத்தில் இருபது நாள் மாண்டலே பக்கம் பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறவர். எல்லோரையும் போல நானும் அவரைச் சயா என்றுதான் கூப்பிடுவேன். பர்மிய மொழியில் ஆசிரியர், பெரியவர் என்று பொருள்; பெண்ணானால் சயாமா.

நான் அந்தக் கடிதத்தை நம்பவில்லை. மூன்று வருட இன்வாய்ஸ்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் வந்திருந்த ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி போட்டேன். சுங்க வரி நாங்கள் கட்டுவதுதான், அது பிரிட்டனால் மாறப்போவதில்லை. ஆனால் அவர்கள் போடும் பொருள் எண்ணும் நாங்கள் போடும் எண்ணும் ஒன்றாக இருந்தாக வேண்டும். தடுப்பூசிக்கு ஓர் எண், மருந்துக்கு வேறு எண், தீவனத்தில் கலக்கும் சத்துப்பொடிக்கு இன்னொன்று. ஓர் இலக்கம் பிசகினால் வேறு வரி, வேறு அனுமதி. பிறகு லேபிளில் உள்ள உரிம எண், சுகாதாரச் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரி, பெல்ஜியம் போகாமல் நேரே வரும் விமானம் வழியில் எத்தனை மணி நேரம் நிற்கும், அதற்கு எத்தனை ஐஸ் பை. எட்டு மாத வேலை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மாடிக்கு வரும்போதெல்லாம் என் திரையை எட்டிப் பார்ப்பார்.

“என்னா தங்கச்சி, லிஸ்ட்டுக்கு ஒரு லிஸ்ட் போட்டாச்சா?”

“போட்டிருக்கேன் அண்ணே. உங்க பேரு அதுல முப்பதாவது வரி.”

“நம்ம பேரு என்னா கலர்ல இருக்கு?”

“மஞ்சள்.”

“நம்ம அப்பா, தாத்தா எல்லாம் இந்தப் படகு ஜெட்டியில மூட்டை தூக்கினவங்க. அவங்களுக்கு யாரும் கலர் அடிக்கல,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

புது முறையில் வரப்போகும் முதல் பெட்டியில் கோழி அம்மைக்கான தடுப்பூசி இருந்தது. அதற்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர் மிங்கலாடோனுக்கு அப்பால் முட்டைக்கோழி வளர்க்கும் ஓர் அக்கா. மிஷன் பள்ளியில் படித்து, ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். மகள் நகரத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறாள், அங்கே வந்துவிடு என்று அழைத்துக்கொண்டே இருக்கிறாள்.

“பால்கனியில எனக்குன்னு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு வச்சிருக்கா,” என்று அக்கா ஒருமுறை சொன்னார். “அந்த நாற்காலியில போய் உக்காரக் கூடாதுன்னுதான் கோழி வளக்கிறேன்.”

போன மழையில் அவர் பண்ணையில் அம்மை விழுந்தது. தடுப்பூசி போட்ட கோழிகள்தான். தொள்ளாயிரம் செத்தன, மீதி சரியாக முட்டையிடவில்லை. விசாரிக்கப் போனவள் நான். தடுப்பூசி வாங்கிய கடையின் ஃபாரங்களைப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஆகவே என் அறிக்கையில், பண்ணையில் மருந்தை ஐஸிலிருந்து சீக்கிரம் எடுத்து வெளியே வைத்திருக்கலாம் என்று எழுதினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இந்த வருடம் ஆயிரத்து எண்ணூறு கோழிக்குஞ்சுகள். இன்னொரு முறை அம்மை வந்தால் கொட்டகையை மூடிவிட்டு நாற்காலிக்குப் போக வேண்டியதுதான் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கடைக்குப் போக வேண்டாம், எங்கள் ஸ்டோரிலிருந்து நேராகக் கொண்டு வந்து தருகிறேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

பெட்டி செவ்வாய்க்கிழமை காலை வந்திறங்கியது. சுங்க மேசையில் இருந்தவர் என் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினார். “சயாமா, கேக்குறதுக்கு ஒண்ணுமே வைக்கலையே நீங்க,” என்றார். பதினோரு மணிக்கெல்லாம் பெட்டி என் கையில். வழியெல்லாம் மழை. காரில் உட்கார முடியவில்லை எனக்கு. முன்னால் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு லைன்காரையும் திட்டிக்கொண்டே அலோன் வந்து சேர்ந்தேன்.

அண்ணன் பெட்டியைப் பிரித்தார். வெப்பநிலை பதியும் கருவியில் கோடு ஒழுங்காக ஓடியிருந்தது. குப்பிகளை எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு தெர்மோகோல் பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினார்.

“யே எங்க?”

“எந்த யே?”

“தண்ணி, தங்கச்சி. கலக்குற தண்ணி.”

அம்மைத் தடுப்பூசி குப்பிக்குள் ஒரு சின்ன வெள்ளை வில்லையாக உறைந்து காய்ந்திருக்கும். அதைக் கரைக்கத் தனியாக ஒரு புட்டியில் நீர் வரும். வெறும் தண்ணீர் அல்ல, கிளிசரின் சேர்த்துக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். இரட்டை முள் கொண்ட ஊசியை அதில் தோய்த்துக் கோழியின் இறக்கைச் சவ்வில் ஒரே குத்தாகக் குத்த வேண்டும். கெட்டியாக இருப்பதால்தான் மருந்து முள்ளின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்கிறது. சாதாரணத் தண்ணீரில் கரைத்தால், குத்துவதற்கு முன்பே சொட்டிப் போகும். இவ்வளவு முக்கியமான சாமானுக்கு எங்கள் தொழிலில் வைத்த பெயர் யே, பர்மிய மொழியில் தண்ணீர். தொழிற்சாலை அதைக் குப்பியோடு ஒரே அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பும். இன்வாய்ஸில் தனி வரி கிடையாது. எங்கள் ஸ்டோர் அதைக் கடைக்குச் சும்மா கொடுக்கும், கடைக்காரர் வாங்குகிறவருக்குச் சும்மா கொடுப்பார். எங்கள் ஊரில் யாரும் அதை ஒரு சரக்காக நினைத்ததே இல்லை.

நான் இன்வாய்ஸைப் பார்த்துத்தானே பட்டியல் போட்டேன்.

இங்கிலாந்தில் அலுவலகம் திறக்க எங்கள் மணிக்கு இரண்டரை ஆகும். அதுவரை மாடிக்கும் கீழுக்குமாக எத்தனை முறை போனேன் என்று தெரியாது. இரண்டரைக்குப் போன் எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். கரைக்கும் நீர் எப்போதுமே நெதர்லாந்தில்தான் புட்டியில் அடைக்கப்படுகிறதாம். முன்பு அது கடல் தாண்டி இங்கிலாந்து வந்து பெட்டியில் சேரும். இப்போது அப்படித் தாண்டுவதற்கும் திரும்பத் தாண்டுவதற்கும் தனித்தனியாகக் காகிதம் வேண்டும் என்பதால், அங்கிருந்தே நேராக அனுப்ப முடிவு செய்திருக்கிறார்கள்.

“உங்களுக்குத் தெரிவித்திருந்தோமே,” என்றாள்.

தெரிவித்திருந்தார்கள். ஓர் இணைப்புத் தாளின் அடியில், துணைப் பொருள்கள் தனியாக வரும் என்று ஒரு வரி. நான் அதைப் படித்திருந்தேன். துணைப் பொருள் என்றால் ஊசி, விளக்கத்தாள் என்று நினைத்துப் பச்சை அடித்திருந்தேன்.

அந்த நீர் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அதற்கு வேறு பொருள் எண், வேறு நாட்டுச் சான்று, புதிதாக ஓர் அனுமதி. எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஐந்து வாரம்.

ஊசி போடும் பெண்கள் ஐந்து பேர், வியாழக்கிழமை அக்கா பண்ணைக்கு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் பாகோ பக்கம் போனால் மூன்று வாரம் திரும்ப மாட்டார்கள். அக்காவின் பண்ணைக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஏற்கெனவே அம்மை வந்துவிட்டது. கொசு ஒன்று கடித்துவிட்டு வேலியைத் தாண்டினால் போதும்.

அக்காவிடம் போனில் சொன்னேன். பின்னால் குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

“உப்புத் தண்ணி ஊத்திக் கலக்குனா என்ன ஆகும் பொண்ணு?”

“முள்ளுல நிக்காது அக்கா. குத்தின மாதிரி இருக்கும், மருந்து ஏறியிருக்காது.”

“அப்போ போன வருஷம் மாதிரி.”

நான் இன்வாய்ஸை மறுபடியும் புரட்டினேன்.

“நான் ஜெபம் பண்ணிக்கிறேன். நீ தண்ணி தேடு,” என்று வைத்துவிட்டார்.

கீழே அண்ணன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தில் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

“யே இல்லாத கடை உண்டா தங்கச்சி யாங்கோன்ல?”

“எப்படி மிஞ்சியிருக்கும்? ஒரு குப்பிக்கு ஒரு புட்டிதானே குடுக்கிறோம்?”

“மீ போனா மருந்து செத்துப் போவும். தண்ணி சாவுமா?”

மீ என்றால் மின்சாரம். நான் புரியாமல் நின்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் தடுப்பூசிக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் அதோடு வந்த தண்ணீருக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை, அது அலமாரியில் அப்படியே இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மீ போகிற ஊரில் எத்தனை குப்பி செத்திருக்கும், எத்தனை தண்ணீர் மிஞ்சியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள் என்றார்.

“ஆனா எல்லாக் கடையும் மாசா மாசம் கையெழுத்து போடுதே அண்ணே. ரெண்டுலேருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்குன்னு.”

“உன் ஃபாரத்துல கையெழுத்து போட பேனா போதும் தங்கச்சி. மீ வேணாம்.”

சயாவுக்குப் போன் செய்து கேட்டேன். அதே தொழிற்சாலையின் அதே அம்மைத் தடுப்பூசிக்கான நீர், காலாவதி ஆகாமல், மூடி பிரியாமல் இருந்தால் போடலாம் என்றார். இங்கிலாந்துப் பெண்ணும் அதையே எழுதி அனுப்பினாள். ஒரு புட்டி ஆயிரம் கோழிக்கு. எனக்குத் தேவை இரண்டே இரண்டு புட்டி.

புதன் காலை முதலில் போனது நகரத்தின் நடுவில் இருக்கும் கண்ணாடிக் கதவுக் கடைக்கு. என் ஃபாரங்களிலேயே மிகச் சுத்தமான ஃபாரம் அந்தக் கடையுடையது. போன வருடம் அக்கா தடுப்பூசி வாங்கியதும் அங்கேதான். இளைஞரான கடைக்காரர் எழுந்து வந்து நாற்காலி போட்டார்.

“மிச்சமே கிடையாது சயாமா. ஒரு குப்பிக்கு ஒரு தண்ணி, எல்லாம் சரியா போயிடும்.”

அவர் பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அலமாரியைக்கூடத் திறந்து காட்டினார். இப்படியல்லவா ஒரு கடை இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அடுத்து தாகேதா. நான் குடியிருக்கும் பகுதி, வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி அந்தக் கடை. நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பர்மியப் பெண்மணி, எல்லோருக்கும் ஆன்ட்டி. கடையில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. ஆன்ட்டி ஒரு தாளால் விசிறிக்கொண்டிருந்தார். உற்றுப் பார்த்தேன், போன மாதம் நான் கொடுத்த என் ஃபாரத்தின் நகல்.

“தண்ணியா? மிச்சமெல்லாம் இல்ல ஞீமா,” என்றார். ஞீமா என்றால் தங்கை. “எங்க ஃப்ரிட்ஜ் நின்னதே இல்ல.”

“இப்ப மீ இல்லையே ஆன்ட்டி?”

“இது இப்பதான் போச்சு.”

“எப்ப?”

“நீ உள்ள வந்தப்ப,” என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக விசிறிக்கொண்டார்.

இன்னும் மூன்று கடைகளுக்குப் போன் செய்தேன். எல்லாக் கடையிலும் ஃப்ரிட்ஜ் நின்றதே இல்லை. யாரிடமும் தண்ணீர் இல்லை.

அலுவலகம் திரும்ப லைன்கார் ஏறினேன். மடியில் ஃபாரக் கோப்பு. பாலத்தில் வண்டி நின்று நின்று ஊர்ந்தது. பாசுண்டாங் ஓடை கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. உட்கார இடம் இருந்தும் நான் நின்றேன், நின்றும் கால் ஓயவில்லை. மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். வேறு எந்த நிறுவனத்திடம் கேட்கலாம், வேறு எந்த ஊரில் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அப்போதுதான் கோப்பின் அட்டையில் நானே எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது. குளிர்ச்சி தவறிய கடைக்கு அடுத்த மூன்று மாதம் தடுப்பூசி வழங்கப்படாது. பெரிய எழுத்தில், அடிக்கோட்டோடு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு போய், உங்களிடம் தண்ணீர் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டால் யார் இருக்கிறது என்பார்கள்?

பாலம் முடிந்ததும் இறங்கினேன். திரும்பத் தாகேதாவுக்கு நடந்தே போனேன், வண்டிக்குக் காத்து நிற்கப் பொறுமை இல்லை. வழியில் வீட்டுக்குள் நுழைந்து கோப்பை வைத்துவிட்டு, வெறுங்கையோடு கடைக்குப் போனேன். ஆன்ட்டி என்னைப் பார்த்ததும் விசிறுவதை நிறுத்தினார்.

“மறுபடியும் என்ன?”

“ஆன்ட்டி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

அதைச் சொல்லி முடிப்பது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. எட்டு மாதம் பட்டியல் போட்டதை, அதில் தண்ணீரை விட்டதை, நாளைக் காலை வரப்போகும் ஊசிக்காரப் பெண்களை, பக்கத்துக் கொட்டகை அம்மையை, மகள் வீட்டு நாற்காலியை எல்லாம் சொன்னேன். கடைசியில், யார் கடையில் எப்படி மிஞ்சியது என்று எழுத மாட்டேன், கோப்பைக்கூட எடுத்து வரவில்லை என்று கைகளை விரித்துக் காட்டினேன்.

ஆன்ட்டி என் கைகளைப் பார்த்தார். “லிஸ்ட்ல தண்ணிய விட்டுட்டியா?”

“விட்டுட்டேன்.”

“எங்க ஃப்ரிட்ஜ்ல பல்பு எரியலைன்னு போன மாசம் எழுதினியே, அந்த லிஸ்ட்டுக்காரியா?”

“அதே ஆள்தான்.”

அவர் சிரித்துவிட்டார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அதில் பதினோரு புட்டிகள், துணியில் சுற்றி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கியிருந்தன.

“இது எங்க கடையோடது இல்ல. யாரோ வச்சுட்டுப் போனது.”

“சரி ஆன்ட்டி. யாரோ.”

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கு நீல நிறம், வேறொரு தடுப்பூசிக்கானவை. மூன்று காலாவதி. மீதி நான்கும் எங்கள் அம்மைத் தடுப்பூசிக்கானவை, தேதியும் இருந்தது, மூடியும் பிரியவில்லை. இரண்டு போதும் என்று எடுத்தேன். ஆன்ட்டி மூன்றாவதையும் என் பையில் திணித்தார், கீழே போட்டு உடைத்துவிடுவாய் என்று சொல்லிக்கொண்டே.

பிறகும் நான் அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. பதினோரு தண்ணீர் என்றால் பதினோரு குப்பி. அவை எங்கே போயின என்ற கேள்வி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஆன்ட்டியின் குரல் மாறியது.

“செத்த மருந்த வித்துட்டேன்னு நினைக்கிறியா? வித்திருந்தா தண்ணியும் கூடவேல்ல போயிருக்கும்.”

சொல்லிவிட்டு டின்னை மூடி உள்ளே கொண்டுபோனார்.

நான் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். அவர் சொன்னது மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. இந்தக் கடையில் பதினோரு குப்பி கெட்டிருக்கிறது, பதினொன்றையும் தூக்கிப் போட்டிருக்கிறார். எங்களிடம் சொன்னால் சப்ளை நின்றுவிடும் என்று சொல்லாமல், தண்ணீரை மட்டும் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். இந்த ஊரில், இவ்வளவு மின்வெட்டில், ஒரு புட்டித் தண்ணீர்கூட மிஞ்சாத கடை என்றால் அதற்கு என்ன பொருள்? ஒரு குப்பிக்கு ஒரு தண்ணீர், எல்லாம் சரியாகப் போய்விடும் என்றாரே அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைக்காரர். அவரிடம் ஜெனரேட்டர் இருக்கலாம். நான் போனபோது சத்தம் கேட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். போன வருட ஃபாரங்களில், ஜெனரேட்டர் உண்டா என்ற கேள்வியே இல்லை. அந்தச் சுத்தமான ஃபாரங்களை வைத்துத்தான் நான் அக்காவின்மேல் குற்றம் எழுதியிருந்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் பண்ணைக்குப் போனேன். ஊசிக்காரப் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு, வெற்றிலை மென்றபடி கொட்டகைக்கு வெளியே குந்தியிருந்தார்கள். அக்கா குப்பியைத் தானே ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை, என்னையே எடுக்கச் சொன்னார். நான் புட்டியைத் திறந்து கரைத்தேன். வில்லை நொடியில் மறைந்தது. முள்ளைத் தோய்த்துத் தூக்கிப் பிடித்தபோது சொட்டு விழாமல் பள்ளத்தில் மினுங்கி நின்றது. அக்கா குனிந்து அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“நிக்குது,” என்றார்.

இரண்டு பெண்கள் பிடிக்க, இரண்டு பேர் குத்த, ஒருத்தி குத்திய கோழியை மறுபக்கம் விட்டாள். ஒரு குஞ்சுக்கு மூன்று நான்கு வினாடி. நான் ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். குத்துகிறவர்களில் மூத்தவள் என்னைப் பார்த்தாள்.

“சயாமா எண்ண மட்டும்தானா, பிடிக்கவும் தெரியுமா?”

“படிச்சிருக்கேன்.”

“கோழிக்கு அது தெரியாதே,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒன்றைப் பிடித்தேன். அது என் கையை விட்டுத் திமிறி, மேலெல்லாம் எச்சமிட்டு ஓடியது. அடுத்ததைச் சரியாகப் பிடித்தேன். மதியத்துக்குள் ஆயிரத்து எண்ணூறும் முடிந்தது. மூன்றாவது புட்டி உடையாமல் பையிலேயே இருந்தது.

கோழி அம்மைத் தடுப்பூசி பிடித்ததா என்று உடனே தெரியாது. ஏழெட்டு நாள் கழித்து இறக்கையை விரித்துப் பார்த்தால், குத்திய இடத்தில் சின்னதாகப் புடைத்துப் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். புடைக்காவிட்டால் போட்டது வீண். அந்த எட்டு நாளும் நான் எந்த வேலையிலும் ஒட்டவில்லை. நெதர்லாந்து நீருக்கான விண்ணப்பத்தை எழுதினேன், இரண்டு முறை தப்பாக எழுதினேன். கடை ஃபாரத்தை எடுத்து, அட்டையில் இருந்த அடிக்கோட்டு வரியை அழித்தேன். மீந்த தண்ணீர் எத்தனை புட்டி என்று ஒரு புதுக் கட்டம் போட்டேன். ஒவ்வொரு புட்டிக்கும் பதில் குப்பி கொடுப்போம் என்று அதன் கீழே எழுத, சயாவிடம் போனில் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. கடைசியில், “எழுது, ஆனா பச்சை அடிக்காத,” என்றார். கண்ணாடிக் கதவுக் கடையைப் பற்றியும் சொன்னேன். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று அவரே நேரில் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்.

எட்டாம் நாள் காலை அக்காவும் நானும் கொட்டகைக்குள் போனோம். கொட்டகையின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் பத்து, நடுவிலிருந்து பத்து, மொத்தம் ஐம்பது பார்ப்பதென்று பேச்சு. அக்கா பிடித்தார், நான் இறக்கையை விரித்தேன். முதல் குஞ்சின் இறக்கையில் ஒன்றும் தெரியவில்லை. சவ்வை இன்னும் இழுத்து விரித்தேன்.

“அந்தப் பக்க இறக்கை பொண்ணு,” என்றார் அக்கா. “வலதுலதான குத்துனாங்க.”

வலது இறக்கையை விரித்தேன். மெல்லிய சவ்வின் நடுவே பயறு அளவுக்குப் புடைப்பு. தொட்டால் கெட்டியாக இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

இருபதாவது குஞ்சில் நான் சொன்னேன். “அக்கா, போன வருஷம் நான் எழுதினது தப்புன்னு நினைக்கிறேன். நீங்க மருந்த வெளிய வச்சிருக்க மாட்டீங்க. அது உங்ககிட்ட வர்றதுக்கு முந்தியே செத்திருக்கணும். அந்த அறிக்கைய மாத்தி எழுதப் போறேன்.”

அக்கா கையில் இருந்த குஞ்சைக் கீழே விடவில்லை. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நான் அத வெளிய வைக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“அப்போ ஏன் அக்கா கையெழுத்து போட்டீங்க?”

“முப்பது வருஷம் அடுத்தவங்க எழுதினதத்தான டைப் அடிச்சேன். நல்லா கோடு போட்டு, நம்பர் போட்டு ஒரு காயிதம் வந்தா கை தானா போவுது.” குஞ்சை என் பக்கம் நீட்டினார். “மாத்தி எழுதினா எனக்கு ஒரு காப்பி குடு. மககிட்ட காட்டணும்.”

“குடுக்கிறேன்.”

“இந்தத் தடவ ஸ்பெல்லிங் பாத்து எழுது. இது இருபத்தொண்ணா, இருபத்திரண்டா?”

எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணுவதை எப்போது விட்டேன் என்பதே நினைவில்லை.

“முதல்லேருந்து வருவோம்,” என்றார் அக்கா. குனிந்து இன்னொரு குஞ்சைப் பிடித்தார். நான் வலது இறக்கையை விரித்தேன்.

“ஒண்ணு,” என்றேன்.